பூட்டுப் போடாத பஸ்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கண்ணாயிரம் நடத்தும் பிளெக்ஸ் கடையில் மெர்லின் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் நடக்கிற நல்லதும் கெட்டதும் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வரும். வீடு வடக்கனந்தலில். காலையில் கச்சிராயபாளையம் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் ஏறி வேலைக்கு வருவாள். சாயங்காலம் கூட்டத்தில் நசுங்கியபடி திரும்புவாள். கணவன் ரெக்ஸ் ஒரு ரைஸ் மில்லில் எடைமேடை பார்க்கிறான்.

இதே மெர்லினைத் தமிழ்நாடு முழுக்கப் பல ஆயிரம் பேர் 'எம்.எல். பிரதர்' என்று அறிந்திருந்தார்கள். ஆம்பளை என்றே நினைத்திருந்தார்கள்.

செல்போனில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று உண்டு. வெளிநாட்டில் செய்தது. அதில் வருகிற பஸ்ஸும் ரோடும் அவர்கள் ஊருடையவை. ஆனால் நமக்கு வேண்டிய பஸ்ஸை நாமே உருவாக்கி அதற்குள் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். அப்படி உருவாக்கிப் போடுவதற்கு மாட் என்று பெயர். கொரோனாவில் பஸ்ஸெல்லாம் நின்றுபோய் வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களில் மெர்லின் இந்த விளையாட்டுக்குள் வந்தாள். யாரோ செய்து போட்டிருந்த ஒரு மஞ்சள் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தபோது, தான் தினமும் போய்வந்த பஸ்ஸை இதில் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. முதலில் பெயிண்ட் மட்டும் மாற்றினாள். அப்புறம் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து முழு வண்டியையே உருவாக்கக் கற்றுக்கொண்டாள். கண்ணாயிரம் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று அவள் வீட்டு அலமாரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

மாட் செய்கிறவர்களும் அதை வாங்கி ஓட்டுகிறவர்களும் கூடுகிற டெலிகிராம் குரூப் 'நம்ம ரூட்டு'. உளுந்தூர்பேட்டையில் நான்குவழிச் சாலை ஓரத்து ஓட்டலில் பில் போடும் அய்யப்பன் அதற்கு அட்மின். மெர்லின் அதில் எழுதுவாளே தவிர ஒருநாளும் பேசியதில்லை. பெண் பெயரில் வந்த ஒருவருக்கு அங்கே என்னென்ன செய்திகள் போயின என்பதை அவள் பார்த்திருந்தாள். ப்ரோ என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், பஸ்ஸைப் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

குரூப்பில் கேட்கிறவர்கள் ஜாஸ்தி, செய்கிறவர்கள் கம்மி. மொத்தமே ஏழெட்டுப் பேர்தான் சொந்தமாகச் செய்தார்கள். அவர்களில் எல்லோரும் மதித்த ஆள் தியாகதுருகத்துச் சின்னராசு. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவர் செய்த பஸ்ஸில் வைப்பர் அடிக்கும், படிக்கட்டு லைட் எரியும், பள்ளத்தில் இறங்கினால் வண்டி நிஜமாகவே குலுங்கும்.

ஒருதடவை அவர் வெளியிட்ட புது பஸ் விலை கம்மியான போன்களில் திணறி நின்றது. குரூப்பில் வசவு ஆரம்பித்தது. இதுக்கா இத்தனை மாசம் காத்துக்கினு இருந்தோம் என்றான் ஒருவன். அவர் கடையை இழுத்துப் பேசினான் இன்னொருவன். அவருடைய அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை வந்தது. சின்னராசு குரூப்பை விட்டு வெளியேறினார். தான் வெளியிட்ட பஸ்களின் லிங்க்கை எல்லாம் அழித்துவிட்டார்.

அதற்கப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பழைய பஸ்ஸுக்கு வேறு கலர் அடித்து, செய்தவர் பேரைத் தேய்த்துவிட்டுத் தன் பேரைப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் மிச்சம். குரூப்பை மூடிவிடலாமா என்று அய்யப்பன் மெர்லினிடம் தனியாகக் கேட்டான். கொஞ்சம் பொறுங்க, புது ஆளுங்களைச் செய்ய வைக்கலாம் என்று அவள் எழுதினாள். எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

முதலில் போட்டி வைத்தார்கள். புதிதாக பஸ் செய்கிறவர்கள் அனுப்பலாம், குரூப்பே ஓட்டுப் போட்டு ஜெயித்தவரைச் சொல்லும் என்று அய்யப்பன் அறிவித்தான். நிறைய வந்தன. ஜெயித்த பஸ் பளபளவென்று இருந்தது. மெர்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் சின்னராசுவுடையது, பின்பக்கம் கேரளத்து ஆள் ஒருவருடையது. ஜெயித்தவன் இரண்டையும் ஒட்டித் தன் பேரை எழுதியிருந்தான். நண்பர்களைக் கூட்டி வந்து ஓட்டு வாங்கியிருந்தான்.

கடைசி இடத்தில் ஒரு பஸ் இருந்தது. இது பஸ்ஸா மாட்டுக் கொட்டாயா என்று அதன் கீழே சிரித்திருந்தார்கள். எழுத்தெல்லாம் கோணல். சக்கரம் தரையைத் தொடாமல் மிதந்தது. ஆனால் மெர்லின் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கூரைமேல் பலாப்பழங்கள் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. சைடு கண்ணாடியை ஒரு சிவப்புத் துணி இழுத்துப் பிடித்திருந்தது. பின்படியின் விளிம்பில் பெயிண்ட் போய் இரும்பு வெளுத்திருந்தது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருகிற பஸ் அது. வடக்கனந்தல் ஸ்டாப்பில் நின்று எத்தனையோ தடவை அவள் பார்த்த வண்டி. எங்கிருந்தும் திருடாமல், ஒருவன் கண்ணால் பார்த்துச் செய்தது.

செய்தவன் பெயர் பச்சமுத்து. வெள்ளிமலையில் பிக்கப் வேன் ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மரவள்ளிக் கிழங்கு லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் போனிலேயே அதைச் செய்திருந்தான். மெர்லின் அவனுக்குத் தனியாக எழுதினாள். என்ன நன்றாக இருக்கிறது என்பதை முதலிலும், சக்கரத்தை எப்படித் தரைக்கு இறக்குவது என்பதை அடுத்தும் விலாவாரியாக எழுதி அனுப்பினாள். பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது.

"ப்ரோ, எழுத்துல சொன்னா எனக்கு ஏறல. கோச்சுக்காதீங்க. பேசி அனுப்பிச்சீங்கன்னா போட்டுக் கேட்டுக்கினே செஞ்சுடுவேன்."

மெர்லின் அன்று முழுக்க அதற்குப் பதில் அனுப்பவில்லை. கடையில் ஒரு மஞ்சள் நீராட்டு பேனரில் எழுத்து வைக்கும்போதும் அதே நினைவு. சாயங்காலம் ரெக்ஸிடம் சொன்னாள். பேசினால் பொம்பளை என்று தெரிந்துவிடும், அவன் ஒருத்தனுக்குத் தெரிந்தால் குரூப்புக்கே தெரிந்த மாதிரிதான் என்றாள். மாதா கோவிலில் மைக்கைப் பிடித்து ஊரே கேட்கப் பாடுகிறாய், இதில் என்ன என்றான் ரெக்ஸ். அது வேற, இது வேற என்று அவள் சொன்னாள். வேறதான் என்று அவனும் ஒத்துக்கொண்டான். அதற்குமேல் அவளைத் தள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை பஸ் வருவதற்கு முன்னால், ஸ்டாப்பில் நின்றபடியே பேசி அனுப்பினாள். சக்கரத்துக்கு மூன்று விஷயம், எழுத்துக்கு ஒரு விஷயம். மத்தியானம் பச்சமுத்துவின் பதில் வந்தது.

"மேடமா நீங்க? சரிங்க மேடம். அந்த ரெண்டாவது விஷயத்த மட்டும் இன்னொரு தபா சொல்லுங்க. லோடு ஏத்திக்கினு இருந்தாங்க, சத்தத்துல கேக்கல."

அவ்வளவுதான். அந்தப் பதிலை மெர்லின் மூன்று நான்கு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்ன செய்யவேண்டும் என்று பேசி, குரூப்பிலேயே போட்டாள். தன் பெயர் மெர்லின் என்றும் அதிலேயே சொன்னாள்.

அன்று குரூப் என்ன ஆட்டம் ஆடியது என்று சொல்லத் தேவையில்லை. எம்.எல். பிரதர் பொண்ணா என்று நூறு பேர் கேட்டார்கள். போட்டோ கேட்டார்கள். தனிச் செய்தியில் வந்த சிலதை அவள் ரெக்ஸிடம்கூடக் காட்டாமல் அழித்தாள். அய்யப்பன் ஓட்டலில் கூட்டத்தை விட்டுவிட்டு வெளியே வந்து, ஒவ்வொருவராகப் பார்த்து நீக்கினான். பிறகு அவனும் முதல்முறையாகக் குரலில் பேசினான்.

"பஸ்ஸு செய்யக் கத்துக்க வந்தவங்க இருக்கலாம். கொரலுக்காக வந்தவங்க கெளம்பலாம். நானே கதவத் தொறந்து வுடறேன்."

கொஞ்சம் பேர் போனார்கள். இருந்தவர்கள் ஒரு வாரத்தில் அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். பச்சமுத்து மட்டும் மேடத்தை விடவில்லை.

பிளெக்ஸ் கடையில் மெர்லின் ஒரு விஷயம் கற்றிருந்தாள். வருகிறவர்கள் பேனரைப் பார்த்துவிட்டு நல்லா இல்லை என்பார்கள். எது நல்லா இல்லை என்று கேட்டால் விழிப்பார்கள். மாமா போட்டோ சின்னதா இருக்குதா, எழுத்து மங்கலா இருக்குதா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவாள். பாதி நேரம் ஒரே ஒரு எழுத்தைத் தடிமனாக்கினால் அவர்கள் முகம் மலர்ந்துவிடும். இதையே குரூப்பில் கொண்டுவரலாம் என்று அய்யப்பனிடம் சொன்னாள். யாருடைய பஸ்ஸையும் குறை சொல்லலாம். ஆனால் எந்த இடம், அதை எப்படிச் சரிசெய்வது என்று சேர்த்துச் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை, ஆனால் இந்த இடம் உறுத்துகிறது என்றாவது சொல்லவேண்டும். மொட்டையாக வைதால் அந்த வாரம் வாய்ப்பூட்டு, குரூப்பில் எழுத முடியாது.

இது குரூப்பில் எடுபட்டது. ஆனால் நல்ல பஸ் வரவில்லை. ஆசையோடு ஆரம்பித்தவர்கள் பாதியில் நின்றார்கள். உள்ளே ஒரு வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்க அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செய்கிறவர்கள் எல்லோருமே திருட்டுக்குப் பயந்து பூட்டுப் போட்டுத்தான் வெளியிடுவார்கள். ஓட்டலாம்; பூட்டை உடைக்கத் தெரிந்த திருடர்களைத் தவிர மற்றவர்களால் பிரிக்க முடியாது. சின்னராசுவின் பஸ் ஒன்று பூட்டில்லாமல் கிடைத்தால் அதுவே பள்ளிக்கூடம் என்று மெர்லின் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெக்ஸின் வண்டியில் தியாகதுருகம் போனார்கள். சின்னராசு கடையில்தான் இருந்தார். கரும்புத் தோட்டத்து மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். எம்.எல். என்றதும் யார் என்று புரிந்துகொண்டார். பெண் என்பதை ஏற்கெனவே யாரோ சொல்லியிருக்கவேண்டும், ஆச்சரியப்படவில்லை. சர்பத் வாங்கி வரச் சொன்னார். அவள் சொன்னதை எல்லாம் காயிலைச் சுற்றியபடியே கேட்டார்.

"பூட்டத் தொறந்து குடுத்தா இன்னா ஆவும் தெரியுமாம்மா? காலைல குடுத்தா மத்தியானம் வேற பேர்ல வந்துடும்."

"வரும்ண்ணா. வரட்டும். நாலு பேராவது தொறந்து பாத்துக் கத்துக்குவாங்க இல்ல?"

"நீ உன்னுத குடேன்."

மெர்லினுக்குச் சுருக்கென்றது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எனக்கு வுட்டுப்போச்சும்மா. எங்க அம்மா செத்து அப்ப ஆறு மாசம் ஆவல. அவங்களப் பத்தி எழுதுனான். அதுக்கு அப்பால போனைத் தொடவே மனசு வரல" என்றார்.

திரும்பி வரும்போது மெர்லின் ரெக்ஸ் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். அந்த மனிதரிடம் போய்க் கேட்டிருக்கக் கூடாது என்று ஒரு பக்கம் தோன்றியது. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை இன்னொரு பக்கம் குடைந்தது. அவளிடமும் ஒரு பஸ் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தது. உள்ளே ஒவ்வொரு சீட்டு உறையின் கிழிசல்வரை இழைத்து வைத்திருந்தாள். பூட்டுப் போட்டுத்தான் வெளியிட்டிருந்தாள்.

அந்த வாரமே பூட்டை எடுத்துவிட்டு அதைக் குரூப்பில் போட்டாள். திறந்து பாருங்கள், பிரித்துப் பாருங்கள், எது எங்கே இருக்கிறது என்று பேசியும் அனுப்புகிறேன் என்றாள்.

சின்னராசு சொன்னதுதான் நடந்தது. வாரம் முடிவதற்குள் யூடியூபில் ஒருவன் அந்த பஸ்ஸைத் தன் சொந்தப் படைப்பு என்று போட்டான். எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு ஜனம் அதைப் பார்த்தது. தலைவா வேற லெவல் என்று கீழே எழுதினார்கள். மெர்லின் அதைக் கடையில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தாள். டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தாள். கண்ணாயிரம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தலைவலி என்றாள். கிழிந்த சீட்டைக் காட்டி, இதுக்கே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு என்று அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்ன இடம்தான் அவளை ரொம்பவும் வதைத்தது. அவளுக்கு நிஜமாகவே இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அய்யப்பன் சண்டைக்குக் கிளம்பினான். குரூப்பையே அங்கே இறக்கிவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று மெர்லின் தடுத்தாள். சின்னராசுவை வைத விதத்தை மறந்துட்டீங்களா, அதே கூட்டத்தை இன்னொருத்தன் மேல ஏவக் கூடாது என்றாள். ஆனால் சில நாள் அவளும் குரூப் பக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடிவிட்டாள்.

ரெக்ஸ்தான் ஒருநாள் காலையில் அவள் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "இன்னான்னு ஒருதடவ பாரு. கத்திக்கினே கெடக்குது" என்றான்.

பச்சமுத்து ஏழெட்டு வாய்ஸ் அனுப்பியிருந்தான். அவளுடைய பஸ்ஸைத் திறந்து சக்கரத்தைப் பார்த்து, தன்னுடைய வெள்ளிமலை பஸ்ஸில் அதேபோல் மாட்டியிருந்தான். வண்டி இப்போது தரையில் நின்றது. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் எஸ்தர் என்கிற பெண், மெர்லின் தன் பெயரைச் சொன்ன குரல் பதிவைக் கேட்டபிறகுதான் குரூப்பில் துணிந்து எழுதுகிறேன் என்று சொல்லி, தான் செய்த டிரைவர் சீட் ஒன்றை அனுப்பியிருந்தாள். இன்னும் மூன்று நான்கு பேர் கதவு, படிக்கட்டு என்று ஏதேதோ செய்து பார்த்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் பேர் இல்லாத ஒரு நம்பரிலிருந்து ஒரு செய்தி. 'பின் ஆக்ஸில் ரெண்டு விரக்கடை முன்னாடி வெச்சிருக்க. அதான் வளைவுல வண்டி வால ஆட்டுது. சரிபண்ணி அனுப்பியிருக்கேன், பாரு.' கூடவே ஒரு ஃபைல். பூட்டு இல்லை.

மெர்லின் துணியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். வண்டி வாலாட்டுவதை அவள் ஒரு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். விளையாட்டின் குறை என்றே நினைத்திருந்தாள். திருத்திய பஸ்ஸை ஓட்டியபோது அது வளைவில் அடக்கமாகத் திரும்பியது. இது சின்னராசு கைதான் என்று தெரிந்து, உடனே அந்த நம்பருக்குப் போன் போட்டாள். அவர் எடுத்தார்.

"திரும்ப வந்துட்டீங்களாண்ணா?"

"வரலம்மா. குரூப்புல சேக்காத. எதனா சந்தேகம்னா இந்த நம்பருக்கு அனுப்பு. பாத்துக் குடுக்கறேன்."

அந்த ஏற்பாடு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. குரூப்புக்குள் அவர் வரவில்லை. ஆனால் அங்கே வெளியாகிற எந்த பஸ்ஸும் அவர் கைக்கு ஒருமுறை போய்த்தான் வருகிறது.

பச்சமுத்துவின் பஸ்ஸையே எல்லோரும் சேர்ந்து முடிப்பது என்று முடிவானது. ஒருவரே முழு வண்டியைச் செய்யவேண்டியதில்லை, ஆளுக்கு ஒரு பாகம் என்றதும் தயங்கி நின்றவர்களுக்குத் தெம்பு வந்தது. எஸ்தர் சீட்டுகளை எடுத்துக்கொண்டாள். எழுத்து மெர்லினுடையது. மட்டமான போனில் ஓட்டிப் பார்க்கிற வேலையை அய்யப்பன் எடுத்துக்கொண்டான்; ஓட்டலில் வேலைசெய்கிறவர்களின் போனையெல்லாம் வாங்கி ஓட்டினான். எந்த போனில் திணறினாலும் வெளியிடக் கூடாது என்பதில் மெர்லின் பிடிவாதமாக இருந்தாள். யார் யார் எதைச் செய்தார்கள் என்று பஸ்ஸின் உள்பக்கத்திலேயே, கண்டக்டர் சீட்டுக்கு மேலே, எல்லாப் பெயரையும் எழுதினாள். அதைத் தேய்த்து அழிக்க வேண்டுமானால் வண்டியின் உட்கூரையையே திரும்பச் செய்யவேண்டும்.

சத்தம் மட்டும் பாக்கி. மலை ஏறும்போது இன்ஜின் போடுகிற சத்தம் வேறு எங்கேயும் கிடைக்காது. மெர்லினும் ரெக்ஸும் ஒரு விடுமுறை நாளில் வடக்கனந்தலில் வெள்ளிமலை பஸ் ஏறினார்கள். பச்சமுத்து முந்தின நாளே லோடோடு கீழே இறங்கி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, கச்சிராயபாளையத்தில் ஏறிக்கொண்டான். அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவன் குரலைக் கேட்டு அவள் அடையாளம் கண்டாள். வணக்கம் மேடம் என்றான். அப்புறம் நெடுநேரம் வெட்கத்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

டிரைவர் நாராயணசாமியிடம் விஷயத்தைச் சொன்னது பச்சமுத்துதான். இன்ஜின் சத்தத்தை வெச்சுக்கினு இன்னா பண்ணுவீங்க என்று அவர் கேட்டார். போனில் இந்த பஸ்ஸை ஓட்டுவாங்க என்றதும் ஒருமுறை திரும்பி மெர்லினைப் பார்த்தார். கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் பஸ்ஸில் ஓடிய சினிமாப் பாட்டை நிறுத்தினார். கொஞ்ச நேரம் யாரும் பேசாம வாங்க, வண்டியப் படம் புடிக்கிறாங்க என்று பின்னால் பார்த்துச் சொன்னார். படமில்லை சத்தம் என்று திருத்த மெர்லினுக்கு வாய் வரவில்லை. வண்டி நிறைய ஆட்கள். அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, படத்தில் விழுகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் வந்தார்கள். வளைவுக்கு வளைவு கியர் மாறுகிற சத்தமும், கூரையில் கயிறு இறுகுகிற சத்தமும், காட்டுக் காற்றும் மெர்லினின் போனில் சுத்தமாகப் பதிந்தன. நடுவில் ஒரு கோழி மட்டும் கத்தியது. அதை அவள் வெட்டவில்லை.

பஸ் வெளியானபோது மொட்டை வசவு ஒன்றுகூட வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அதற்குக் கீழேயே, எந்த எடம்னு சொல்லுங்க என்று யாரோ ஒரு புது ஆள் கேட்டிருந்தார். இன்று 'நம்ம ரூட்டு' குரூப்பில் சொந்தமாகச் செய்கிறவர்கள் முன்னைவிட எத்தனையோ மடங்கு. பாதியில் விட்டவர்களும் உண்டு. எஸ்தருக்கு நைட் டூட்டி கூடிப்போய் இப்போது வருவதில்லை. யூடியூப்காரன் இன்னும் திருடிக்கொண்டுதான் இருக்கிறான். மெர்லின் பிளெக்ஸ் கடையில்தான் இருக்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்குக் குரலில் பாடம் சொல்ல இப்போது பச்சமுத்துவும் சேர்ந்துகொண்டான்.

சில மாதம் கழித்து மெர்லின் மறுபடி வெள்ளிமலை போனாள். பஸ் ஸ்டாண்டில் நாராயணசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். பச்சமுத்து தன் போனில் அந்த பஸ்ஸைத் திறந்து அவர் கையில் கொடுத்தான். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையும் சேர்த்துச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினார். முதல் வளைவிலேயே பஸ் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போனை மெர்லினிடம் நீட்டினார்.

"பிரேக்கு லேசா லேட்டாப் புடிக்குதும்மா. நம்ம வண்டி அப்படிப் புடிக்காது. அதச் சரிபண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

அன்று சாயங்காலமே மெர்லின் அதைச் சின்னராசுவுக்கு எழுதி அனுப்பினாள்.